ஊற்றுப்பெருக்கு

பெங்களூரு அல்சூரில் எங்கள் கீழ்வீட்டுப் பெண் சிவில் இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். பள்ளியில் கன்னடம், கல்லூரியில் ஆங்கிலம், வீட்டில் தருமபுரித் தமிழ். போன மாதம் பாடப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு வந்தாள். "மாமா, பேஸ்ஃப்ளோவுக்குத் தமிழ்ல என்ன? பாட்டி கேட்டுக்கிட்டே இருக்காங்க, மழையே இல்லாத மாசத்துலயும் காவேரியில எப்படித் தண்ணி ஓடுதுன்னு. எனக்கு இங்கிலீஷ்லதான் சொல்லத் தெரியுது."

கலைச்சொல் பட்டியல்களில் 'அடிப்படை ஓட்டம்' என்றோ 'அடித்தள ஓட்டம்' என்றோ போட்டிருப்பார்கள். பேஸ் என்றால் அடி, ஃப்ளோ என்றால் ஓட்டம், சரிதான். ஆனால் அந்தப் பாட்டியிடம் 'அடித்தள ஓட்டம்' என்றால் கட்டடத்துக்கு அடியில் என்னவோ ஓடுகிறது என்றுதான் நினைப்பார். அவருக்கு ஏற்கெனவே தெரிந்த ஒரு சொல் இருக்கிறது. அதைத்தான் அவளுக்குச் சொன்னேன்: ஊற்றுப்பெருக்கு.

முதலில் பொருள். ஆற்று நீர் இரண்டு வழியாக வருகிறது. மழை பெய்ததும் நிலத்தின் மேலாக ஓடிவந்து சேர்வது ஒன்று. அது சில மணி நேரத்திலோ சில நாளிலோ வடிந்துவிடும். மண்ணுக்குள் இறங்கி, பாறை இடுக்கிலும் மணலிலும் தங்கி, வாரக் கணக்கில், மாதக் கணக்கில் மெல்லக் கசிந்து ஆற்றுக்கு வருவது இன்னொன்று. மழை நின்று பல வாரம் கழித்தும் ஆற்றில் தண்ணீர் ஓடினால் அது பெரும்பாலும் இந்த இரண்டாவது வகை. இதைத்தான் பேஸ்ஃப்ளோ என்கிறார்கள்.

ஊறு என்ற வினையிலிருந்து பிறந்தது ஊற்று. கன்னடத்தில் ஊற்றுக்கு 'ஊட்டெ' என்பார்கள். இரண்டும் ஒரே வேர். 'தொட்டனைத் தூறும் மணற்கேணி' என்ற குறளில் தோண்டத் தோண்ட ஊறுவதும் இதே நீர்தான். ஆனால் ஆற்றோடு சேர்த்து இதைத் துல்லியமாகச் சொன்னவர் ஔவையார். நல்வழியில் வருகிறது:

ஆற்றுப் பெருக்கற் றடிசுடுமந் நாளுமவ்வாறு
ஊற்றுப் பெருக்கால் உலகூட்டும்

வெள்ளம் அற்று, மணல் காலைச் சுடுகிற நாளிலும், அந்த ஆறு தன் ஊற்றால் ஊருக்கு நீர் கொடுக்கும் என்கிறார். வறுமை வந்தாலும் இல்லை என்று சொல்லாத நல்ல குடும்பத்தாருக்கு உவமையாகச் சொன்னது இது. ஆனால் உவமைக்காக எடுத்த காட்சியில் நீரியல் பாடத்தின் ஒரு முழு அத்தியாயம் இருக்கிறது. மேலே ஓடிவருவது ஆற்றுப்பெருக்கு, கீழிருந்து ஊறிவருவது ஊற்றுப்பெருக்கு. பாடப் புத்தகம் இரண்டாகப் பிரிப்பதை அவர் இரண்டு சொல்லில் பிரித்து வைத்திருக்கிறார். பெருக்கு என்றால் ஆடிப்பெருக்கு மாதிரி பொங்கி வருவதாயிற்றே, கசிவுக்குப் பொருந்துமா என்று அவள் கேட்டாள். நல்ல கேள்வி. தனியாகப் பார்த்தால் ஊற்றொழுக்கு என்பதும் பொருந்தும். ஆனால் சோடியாக நிற்கும்போதுதான் ஒரு கலைச்சொல் மனத்தில் தங்கும். அதனால் என் ஓட்டு ஊற்றுப்பெருக்குக்கே.

இது குறைந்துபோகும் நிலைக்கு நாம் பொதுவாகச் சொல்வது வறட்சி. திரள் திரட்சி ஆவதுபோல வறள் வறட்சி ஆகிறது. வறம் என்பது பழைய வடிவம். வற்றல், வறுமை, வறியவர் எல்லாம் இந்தக் குடும்பம்தான். பெங்களூருத் தமிழர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். கன்னடப் பத்திரிகைகளில் வறட்சிக்கு 'பர' என்று போடுவார்கள். அது நம்முடைய வறம்தான். வேர் 'பேரு' ஆவதும், வெள்ளி 'பெள்ளி' ஆவதும், வா 'பா' ஆவதும் போல வறம் 'பர' ஆகியிருக்கிறது. 2023-ல் கர்நாடகத்தின் 236 தாலுகாக்களில் 223 வறட்சி பாதித்தவை என்று அரசு அறிவித்தபோது தலைப்புச் செய்தியெல்லாம் பர, பர என்றே இருந்தது.

ஆனால் வறட்சி ஒன்றல்ல. திருவள்ளுவர் 'வானம் வறக்குமேல்' என்று எழுதியது மழை இல்லாமையை. இது வானிலை வறட்சி. ஒரு பருவத்தின் மழை வழக்கமான சராசரியைவிட 26 விழுக்காடோ அதற்கு மேலோ குறைந்தால் இந்திய வானிலைத் துறை இதை வறட்சி என்கிறது. அடுத்து மண்ணின் ஈரம் போய்ப் பயிர் வாடுவது வேளாண் வறட்சி. ஆறு, ஏரி, கிணறு இறங்குவது நீரியல் வறட்சி. கடைசியில் வந்து சேர்வதும் இதுதான், கடைசியில் விலகுவதும் இதுதான். மழை திரும்பி வந்த பிறகும் ஆறு உடனே திரும்பாததற்குக் காரணம், காலியான மண் முதலில் தன் பங்கைக் குடித்துவிடுவது.

அந்தப் பங்கைக் கணக்காகவே போட்டுக் காட்டினேன். ஓர் ஊரில் ஆண்டுக்கு 1000 மில்லிமீட்டர் மழை என்று வைத்துக்கொள்வோம். மண்ணும் மரமும் வெயிலும் 800 எடுத்துக்கொள்ள, ஆற்றுக்கு 200 போகிறது. மழை 900 ஆகிறது. மரமும் வெயிலும் தங்கள் பங்கை அவ்வளவு எளிதில் விடாது, 760 எடுத்துக்கொள்கின்றன என்போம். ஆற்றுக்கு மிச்சம் 140. மழை பத்து விழுக்காடு குறைந்தது, ஆறு முப்பது விழுக்காடு குறைந்தது. எண்கள் நான் வைத்தவை, ஆனால் மழையைவிட ஆறு பல மடங்கு குறைவது உண்மை. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரைச் சுற்றி 1970-களுக்குப் பிறகு மழை ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைந்தது. அணைகளுக்கு வந்த நீரோ பாதிக்கும் கீழே போய்விட்டது. பூமி சூடாகச் சூடாக இது இன்னும் கூடும். ஒரு டிகிரி வெப்பம் ஏறினால் காற்று ஏறத்தாழ 7 விழுக்காடு அதிக நீராவியைத் தாங்கும். அதனால் மண்ணிலிருந்து அது உறிஞ்சுவதும் அதிகம், பெய்தால் ஒரேயடியாகக் கொட்டுவதும் அதிகம். அப்படிக் கொட்டுகிற மழை ஆற்றுப்பெருக்கைத்தான் கூட்டும். ஊற்றுக்கு வேண்டியது நின்று நிதானமாகப் பெய்கிற மழை.

இப்போது நம்ம ஊர் ஆற்றுக்கு வருவோம். அர்க்காவதி நந்தி மலையில் தொடங்கி, பெங்களூருவுக்கு மேற்கே ஓடி, கனகபுரா தாண்டிச் சங்கமத்தில் காவிரியோடு சேர்கிறது. 1890-களில் இந்த நகரத்துக்குக் குழாய்த் தண்ணீர் வந்தது இதன்மேல் இருக்கும் ஹெசரகட்டா ஏரியிலிருந்துதான். அப்புறம் 1933-ல் திப்பகொண்டனஹள்ளி அணை. பின்னாளில் நகரம் பெருகி, அந்த நீர் போதாமல் போய், நூறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் காவிரியை மேட்டுக்குப் பம்பு செய்து குடிக்க வேண்டியதாயிற்று. அணைக்கு வரத்தும் சுருங்கிக்கொண்டே போனது. மழை குறைந்துவிட்டது, அதனால் ஆறு வற்றிவிட்டது என்று யாரும் சொல்லிவிடலாம். ஆனால் 2015-ல் வெளியான ஓர் ஆய்வு அர்க்காவதியின் மழைக் கணக்கை எடுத்துப் பார்த்து, மழை அந்த அளவுக்குக் குறையவில்லை என்று காட்டியது. முக்கியக் காரணங்களாக அது சொன்னவை போர்வெல்களும் நீலகிரி மரத் தோப்புகளும். தைலமரத்தைத்தான் இங்கே நீலகிரி என்கிறோம். நிலத்தடி நீர்மட்டம் ஆற்றுப் படுகைக்கு மேலே இருந்த காலத்தில் ஊற்று ஆற்றுக்குள் கசிந்தது. மட்டம் நூற்றுக்கணக்கான அடி கீழே போனதும் அந்தத் தொடுப்பு அறுந்தது. இப்போது ஆற்றில் தண்ணீர் வந்தால் அது மண்ணுக்குள் இறங்குகிறது. நல்வழியின் முதல் அடி அர்க்காவதியில் இன்னும் நடக்கிறது, இரண்டாம் அடிதான் நின்றுபோயிருக்கிறது. இதை எழுதும்போது எனக்கு உண்மையாகவே வலிக்கிறது.

'வான்பொய்ப்பினும் தான்பொய்யா' என்று பட்டினப்பாலை காவிரியைப் பாடுகிறது. பருவமழை பொய்த்தது என்று நாளிதழ்கள் இன்றும் எழுதுவது அதே பொய்த்தல்தான். வானம் வாக்குத் தவறினாலும் குடகு மலைக் காடு பிடித்துவைத்த நீரை ஆறு தந்துகொண்டிருந்தது. 2023 ஆகஸ்ட், 1901-க்குப் பின் இந்தியா கண்ட மிக வறண்ட ஆகஸ்ட். அந்த ஆண்டு காவிரியின் கே.ஆர்.எஸ். அணை 124.8 அடி என்ற முழு அளவை எட்டவில்லை. அடுத்த மார்ச்சில் நகரத்தின் 13,900 அரசு போர்வெல்களில் 6,900 வற்றிவிட்டன என்று துணை முதல்வர் டி.கே. சிவகுமார் சொன்னார்.

அந்த மார்ச்சில் எங்கள் தெருவுக்குத் போர்வெல் போடும் திருச்செங்கோட்டு ரிக் வண்டி ஒன்று வந்தது. ராத்திரி முழுக்க ஓட்டினார்கள். குழாய் வாயிலிருந்து சாம்பல் நிறப் புழுதி எழும்பி, தெருவில் நின்ற ஸ்கூட்டர் சீட்டுகளிலெல்லாம் படிந்தது. விடியற்காலையில் நான் கீழே இறங்கியபோது ரிக்கில் வேலை செய்த தம்பி ஒரு பிடி தூளைக் கையில் வைத்துத் தேய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஆயிரத்து நூறு அடிண்ணா. ஈரமே இல்ல." கீழ்வீட்டுப் பாட்டி வாசலில் நின்று அந்தத் தூளையே பார்த்தார். "ஊத்தே செத்துப்போச்சா?" என்று கேட்டார். சொல் அவரிடம் அன்றைக்கே இருந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை அவள் மறுபடி வந்தாள். மைசூரு ரோட்டில் போகும்போது விருஷபாவதி ஆற்றில் நடுக்கோடையிலும் நிறையத் தண்ணீர் ஓடுவதைப் பார்த்திருக்கிறாள். மழை இல்லாமல் ஓடுகிறதே, அதுவும் ஊற்றுப்பெருக்குதானா என்றாள். இல்லை. அது நகரத்தின் சாக்கடை. காவிரியிலிருந்து பம்பு செய்து, நம் வீட்டுக் குழாய் வழியாக வந்து, கழிவாகப் போகும் நீர். ஓசூர் அருகே கெலவரப்பள்ளி அணையில் தென்பெண்ணை நுரை பொங்க வருவதும் பெங்களூருக் கழிவுநீர் கலந்துதான். ஆற்று நீரை அளக்கும் அளவுமானியில் ஊற்றுப்பெருக்கும் கழிவுநீரும் ஒரே மாதிரிதான் பதியும். பெயரில்தான் பிரிக்க முடியும். கழிவுநீர் ஓட்டத்தைக் கழிவொழுக்கு என்று எழுதிக்கொள் என்றேன். நோட்டில் ஊற்றுப்பெருக்குக்குப் பக்கத்தில் ஒரு கோடு போட்டு, எதிர்ப்பக்கம் எழுதிக்கொண்டாள்.