தராசு மட்டும் பார்த்தால் போதாது

தென்னாப்பிரிக்காவில் டர்பனை அடுத்த சாட்ஸ்வொர்த்தில், பேரனுக்கு இரண்டு வயது நிறைந்த வாரம் கிளினிக்குக்குத் தூக்கிப்போனேன். தராசில் 13.4 கிலோ. பிள்ளை நன்றாகத் தேறியிருக்கிறான் என்று பூரித்துப்போனேன். நர்ஸ் அதோடு விடவில்லை. செருப்பைக் கழற்றி, குதிகாலும் பின்மண்டையும் பலகையில் படும்படி நிறுத்தி, தலைமேல் கட்டையை இறக்கினார். 80 செ.மீ. பிள்ளையின் வளர்ச்சியைக் குறித்துவைக்கும் ‘ரோட் டு ஹெல்த்’ புத்தகத்தில் அவர் வைத்த புள்ளி கோட்டுக்குக் கீழே விழுந்தது.

இரண்டு வயதுப் பையனின் நடு உயரம் ஏறக்குறைய 87 செ.மீ. 81-க்குக் கீழே போனால் வளர்ச்சி குன்றியதாகக் கணக்கு. அவன் வயதுக்கு 13.4 கிலோ இயல்புதான். ஆனால் 80 செ.மீ. உடம்புக்குப் பத்தரை கிலோ சொச்சம் போதும். அந்தக் கணக்கில் அவன் அதிக எடை. ஒரே பிள்ளைக்கு இரண்டு குறைகளும்!

“நம்ம வம்சமே குட்டை” என்று சொல்லித் தப்பிக்க முடியாது. உலக சுகாதார நிறுவனம் 2006-இல் வெளியிட்ட இந்த அளவுகள் பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கப் பிள்ளைகளை அளந்து வந்தவை. தாய்ப்பாலும் நல்ல சாப்பாடும் சுகாதாரமும் கிடைத்தால், ஐந்து வயதுவரை எந்த நாட்டுப் பிள்ளையும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் உயர்கிறது.

எலும்பு நீள்வது அதன் முனையிலுள்ள குருத்தெலும்பில். அதற்குத் தரமான புரதமும் துத்தநாகமும் வேண்டும். இங்கே நாம் ஊட்டும் பாப், அதாவது மக்காச்சோளக் களி, வயிற்றை நிரப்பும். ஆனால் மக்காச்சோளப் புரதத்தில் லைசின் என்ற அமினோ அமிலம், அதாவது புரதத்தின் ஒரு கூறு, குறைவு. அடிக்கடி வயிற்றுப்போக்கு வந்தால் சாப்பிட்டது உடம்பில் ஒட்டாது. உயரம் நின்றுபோகும். மாவும் சர்க்கரையும் தரும் சக்தியில் செலவாகாதது கொழுப்பாகச் சேரும். பட்டினியே கிடக்காத பிள்ளைக்கும் ஊட்டக்குறை வருவது இப்படித்தான்.

2016 கணக்கெடுப்பின்படி தென்னாப்பிரிக்காவில் ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் 27 சதவீதம் வளர்ச்சி குன்றியவர்கள், 13 சதவீதம் அதிக எடை. உலகத்தில் 2000-இல் சுமார் 20 கோடியாக இருந்த குன்றிய பிள்ளைகள் 2022-இல் 14.8 கோடியாகக் குறைந்தார்கள். அதிக எடைப் பிள்ளைகளோ 3.3 கோடியிலிருந்து 3.7 கோடியானார்கள். அதே 2022-இல் உடல் மெலிந்து எலும்பு தெரியும் பிள்ளைகள் 4.5 கோடி, பாதிக்கு மேல் தெற்காசியாவில்.

கருவிலிருந்து இரண்டு வயதுவரையுள்ள 1000 நாளில்தான் உயரம் வேகமாக ஏறும். எங்களுக்கு அது கடந்துவிட்டது. அது என்னை உறுத்துகிறது. ஆனாலும் இழந்ததில் கொஞ்சத்தைப் பிடிக்க இன்னும் இடமிருக்கிறது. இப்போது பாப்போடு காய்ந்த பீன்ஸ் விதைக் கறியை மசித்துத் தருகிறேன். பீன்ஸில் லைசின் நிறைய. தினம் ஒரு முட்டை. டீயையும் கூல்டிரிங்கையும் நிறுத்தியாயிற்று. அடுத்த புள்ளி மூன்று மாதம் கழித்து.