ப்ராசசர் வாங்கும் முன் மதர்போர்டின் பெயரைப் படியுங்கள்

"கேம் லேக் அடிக்குதுண்ணா, ஐ7 போட்டுடலாமா?" கோடை விடுமுறை தொடங்கினால் வேலூர், ராணிப்பேட்டை, குடியாத்தம் பக்கத்து சர்வீஸ் கடைகளில் அதிகம் கேட்கும் கேள்வி இதுதான். பலருக்கு நேர்மையான பதில் "இப்போ வேண்டாம் தம்பி". ஐ7 என்பது இன்டெல் நிறுவனத்தின் ஒரு ப்ராசசர் வரிசை; ப்ராசசர் என்றால் கணினியின் மூளையான சிப். ஒன்று, லேக்குக்குக் காரணம் ப்ராசசராக இருக்காது. இல்லையென்றால், அவர் ஆசைப்படும் ப்ராசசரை அவர் வீட்டு மதர்போர்டு (எல்லாப் பாகங்களும் மாட்டும் முதன்மைப் பலகை) ஏற்காது. இரண்டையும் பணம் கொடுக்கும் முன்பே, செலவில்லாமல், வீட்டிலேயே கண்டுபிடித்துவிடலாம்.

முதலில் குற்றவாளி யார் என்று பார்ப்போம். எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற இலவச மென்பொருளைப் போட்டு, கேம் ஓடும்போதே கிராபிக்ஸ் கார்டின் பயன்பாடு, ப்ராசசரின் ஒவ்வொரு கோரின் (தனித்தனியாக வேலை செய்யும் பகுதி) பயன்பாடு, வெப்பம், ராம் அளவு எல்லாம் திரையின் மூலையில் தெரியும்படி வைத்துக்கொள்ளுங்கள். கேம் அமைப்பில் வி-சிங்க்கையும் (படவேகத்தைத் திரையோடு கட்டிப்போடும் வசதி) எஃப்பிஎஸ் (ஒரு நொடிக்கு வரும் படங்கள்) வரம்பையும் அணைத்துவிடுங்கள். கிராபிக்ஸ் கார்டு 95 சதவீதத்துக்கு மேலேயே நின்றால் உங்கள் கார்டுதான் திணறுகிறது. ப்ராசசருக்குச் செலவழித்தால் பெரிதாக எதுவும் மாறாது. கார்டு 50க்கும் 70க்கும் இடையே ஆடிக்கொண்டிருக்க, ஏதாவது ஒரு கோர் 100ஐத் தொட்டுக்கொண்டே இருந்தால் ப்ராசசர்தான் தடை. டாஸ்க் மேனேஜர் காட்டும் மொத்த சதவீதத்தை நம்பாதீர்கள். ஆறு கோரில் ஒன்று முழுக்க மூச்சு வாங்கினாலும் மொத்தக் கணக்கு 40 என்றுதான் காட்டும். இன்னும் சந்தேகமா? ரெசல்யூஷனை 1080-இலிருந்து 720-க்குக் குறையுங்கள். எஃப்பிஎஸ் ஏறினால் கார்டு, ஏறாமல் அப்படியே நின்றால் ப்ராசசர்.

இதே சோதனையில் மூன்றாவதாக ஒரு விடையும் வரும். ஒற்றை 8 ஜிபி ராம் முழுவதும் நிரம்பி, சில நொடிக்கு ஒருமுறை படம் உறைந்து உறைந்து ஓடும். அங்கே இன்னொரு 8 ஜிபி போட்டு டூயல் சேனலாக்குவதே (இரண்டு ராமும் ஒரே நேரத்தில் வேலை செய்வது) மருந்து. தனி கார்டு இல்லாமல் ஏஎம்டி நிறுவனத்தின் 3200ஜி, 5600ஜி போன்ற சிப்பின் உள் கிராபிக்ஸிலேயே விளையாடுபவர்களுக்கு இது இன்னும் முக்கியம். உள் கிராபிக்ஸ் ராமையே தன் நினைவகமாக எடுத்துக்கொள்வதால், ஒற்றை ராமில் அதற்குப் பாதி வழிதான் திறந்திருக்கும்.

நான்காவது விடை நம் ஊருக்கே உரியது: வெயில். கூலர் எதுவானாலும் அறை வெப்பத்துக்குக் கீழே சிப்பைக் குளிர்விக்காது. அறை 10 டிகிரி ஏறினால் சிப்பும் ஏறக்குறைய அதே 10 டிகிரி ஏறும். ஜனவரியில் 76 டிகிரியில் நிம்மதியாக ஓடிய ப்ராசசர், கத்திரி வெயிலில் 90ஐ முட்டும். ஏஎம்டியின் ரைசன் 5 5600க்கு எல்லையே 90. இன்டெலின் பெரும்பாலான டெஸ்க்டாப் சிப்புகளுக்கு 100. அங்கே போனதும் சிப் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மாலை ஏழு மணிக்கு லேக், விடியற்காலையில் இல்லை என்றால் புதுச் சிப் வாங்க வேண்டியதில்லை. கூலரில் அடைந்த தூசியை எடுத்து, சிப்புக்கும் கூலருக்கும் நடுவே காய்ந்துபோன பேஸ்ட்டை மாற்றி, கேபினெட் முன்னால் ஒரு ஃபேன், பின்னால் ஒரு ஃபேன் போடுங்கள். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி மூடிய 'கேமிங்' கேபினெட் நம் ஊர்க் கோடைக்கு ஏற்றதே இல்லை.

ஐ7 என்ற பெயரில் விற்கும் பழசு

தடை ப்ராசசர்தான் என்று உறுதியானால் அடுத்த வேலை போர்டைப் படிப்பது. விண்டோஸ் கீயுடன் ஆர் அழுத்தி 'எம்எஸ்இன்ஃபோ32' என்று ஆங்கிலத்தில் தட்டினால் போர்டு மாடலும் பயோஸ் (போர்டுக்குள்ளேயே இருக்கும் தொடக்க மென்பொருள்) பதிப்பும் வரும். கேபினெட்டைத் திறந்து போர்டில் அச்சிட்டிருக்கும் ரிவிஷன் எண்ணையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே மாடல் பெயரில் ரிவிஷன் மாறினால் ஏற்கும் ப்ராசசர் பட்டியலும் மாறலாம். போர்டு நிறுவனத்தின் தளத்தில் உங்கள் மாடலுக்கு எந்தச் சிப், எந்த பயோஸிலிருந்து ஓடும் என்ற பட்டியல் இருக்கும். கடைக்காரர் வாக்கைவிட அந்தப் பட்டியல் பெரியது.

'ஐ7 கேமிங் பிசி' என்று மலிவாக விளம்பரம் வரும் பெட்டிகளுக்குள் இருப்பது பெரும்பாலும் ஹெச்61 போர்டும் ஐ7-2600 சிப்பும். அது 2011இல் வந்தது. நான்கு கோர், எட்டு திரெட் (ஒரே நேரத்தில் ஓட்டக்கூடிய வேலைகள்). 2022இல் வந்த ஐ3-12100க்கும் அதே நான்கு கோர், எட்டு திரெட்தான். ஆனால் ஒரு கோரின் வேகத்தில் ஐ3 ஏறக்குறைய இரு மடங்கு. கேமுக்கு வேண்டியது அந்த வேகம். அதோடு இன்டெலின் இரண்டாம், மூன்றாம் தலைமுறைச் சிப்புகளில் ஏவிஎக்ஸ்2 என்ற கட்டளைத் தொகுப்பே கிடையாது. அதைக் கேட்கும் புதிய கேம்கள் அந்தச் சிப்பில் தொடங்கவே மறுக்கும். ஹெச்61, பி75 வைத்திருப்பவர்கள் அதில் ஒரு ரூபாய்கூடப் போடாமல், போர்டு, ராம், ப்ராசசர் மூன்றையும் சேர்த்து மாற்றச் சேமிப்பதே நல்லது.

இன்டெலில் இன்னொரு வலை, சாக்கெட் (போர்டில் சிப் உட்காரும் இடம்) எண். 1151 சாக்கெட்டில் ஆறு, ஏழாம் தலைமுறைக்கு 100, 200 வரிசை போர்டுகள். எட்டு, ஒன்பதாம் தலைமுறைக்கு 300 வரிசை. ஹெச்110 போர்டில் ஐ5-9400எஃப் அழகாக உட்காரும், ஆனால் ஓடாது. 1200 சாக்கெட்டிலும் இப்படித்தான்: ஹெச்410, பி460 சிப்செட்டுகள் (போர்டின் துணைச் சிப்; போர்டின் பெயரில் வருவது இதுதான்) பத்தாம் தலைமுறையோடு நின்றுவிடும், பதினொன்றுக்கு ஹெச்510, பி560 வேண்டும். ஹெச்410இல் ஐ3-10100எஃப் வைத்திருப்பவர் ஐ5-10400எஃப் போட்டால் ஆறு கோர், பன்னிரண்டு திரெட் கிடைக்கும், போதுமான முன்னேற்றம். ஹெச்610 வைத்திருப்பவர்களுக்குக் கவலை குறைவு. பன்னிரண்டு முதல் பதினான்காம் தலைமுறை வரை ஒரே 1700 சாக்கெட்; பயோஸ் மட்டும் புதிதாக இருக்க வேண்டும்.

இவற்றுள் கொடுத்த காசுக்கு அதிகம் திருப்பித் தருவது ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட்தான். ஏ320, பி450 போர்டில் 2200ஜி, 3200ஜி, 1600 ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் போர்டையும் ராமையும் தொடாமல், 2022 ஏப்ரலில் வந்த 5600 வரை போகலாம். ஏ320க்கு 5000 வரிசை முதலில் மறுக்கப்பட்டிருந்தது. 2022இல்தான் ஏஎம்டி வழிவிட்டது. ஆகவே பழைய பயோஸோடு அது ஓடாது. 5500 சற்று மலிவு என்று கை நீளும். அதில் எல்3 கேஷ் (சிப்புக்குள்ளேயே இருக்கும் வேக நினைவகம்) 16 எம்பி, 5600இல் 32. கேமில் இந்த வித்தியாசம் தெரியும். விலை நெருக்கமாக இருந்தால் 5600தான். ஹீட்சிங்க் (சூட்டை இழுக்கும் உலோகத் தகடு) இல்லாத ஏ320 போர்டில் 65 வாட் சிப்போடு நிறுத்திக்கொள்ளுங்கள். 105 வாட் சிப்பைப் போட்டால் நம் ஊர் வெயிலில் போர்டின் மின்வழங்கு பகுதியே முதலில் சூடேறித் தடுமாறும்.

வாங்கிக்கொண்டுபோய் மாட்டிவிட்டு "டிஸ்ப்ளே வரல" என்று திரும்ப வருபவர்கள் உண்டு. 3200ஜியில் உள் கிராபிக்ஸ் இருந்தது, 5600இல் இல்லை. இன்டெலில் 'எஃப்' என்று முடியும் சிப்புக்கும் அதே கதைதான். தனி கார்டு இல்லாதவர் 5600ஜி எடுக்க வேண்டும்.

பொருள் எங்கே வாங்குவது? காட்பாடியில் ரயில் ஏறி சென்ட்ரலில் இறங்கி ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போகிறவர்கள் நம்மில் ஏராளம். விலை குறையலாம். ஆனால் மாற்றிக்கொள்ள மறுபடி ஒரு நாள் போகும் என்பதையும் கணக்கில் சேருங்கள். பெட்டிச் சரக்குக்கு நிறுவனத்தின் மூன்று ஆண்டு வாரண்டி உண்டு. 'டிரே' என்று தனியாகத் தரும் சிப்புக்குப் பெரும்பாலும் கடைக்காரரின் வாரண்டி மட்டுமே, கூலரும் வராது. ஜிஎஸ்டி பில் கேளுங்கள். பழைய ஏஎம்4 சிப் வாங்கினால் கவுன்டரிலேயே திருப்பி வைத்து, போன் கேமராவில் பெரிதாக்கி ஊசிகள் எல்லாம் நேர்வரிசையில் நிற்கின்றனவா என்று பாருங்கள். 1331 ஊசிகளில் ஒன்று சாய்ந்தாலும் சிக்கல்.

மாற்றும் நாள்

பழைய ப்ராசசர் போர்டில் இருக்கும்போதே பயோஸை ஏற்றுங்கள். இந்த வரிசையை மாற்றுவதால்தான் அதிகம் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். நிறுவனத் தளத்திலிருந்து உங்கள் ரிவிஷனுக்கான கோப்பை இறக்கி, எஃப்ஏடி32 வடிவில் ஃபார்மட் செய்த பென்டிரைவில் போட்டு, பயோஸுக்குள் இருக்கும் அப்டேட் வசதி வழியாகவே ஏற்றவும். நடுவில் கரண்ட் போனால் போர்டு செத்துவிடும். யுபிஎஸ் இருக்கிறது என்று நம்பி உட்காராமல், முதலில் மெயின் சுவிட்சை அணைத்து யுபிஎஸ் தாங்குகிறதா என்று பாருங்கள். இரண்டு மூன்று வருடப் பேட்டரி பல வீடுகளில் அலங்காரத்துக்குத்தான் இருக்கும்.

விண்டோஸ் 11இல் டிரைவைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் அல்லது டிவைஸ் என்கிரிப்ஷன் ஓடுகிறதா என்றும் பார்க்க வேண்டும். ப்ராசசர் மாறினால் அதிலிருக்கும் டிபிஎம் (பாதுகாப்புச் சாவிகளை வைத்திருக்கும் பகுதி) சாவியும் போய்விடும். 48 இலக்க மீட்பு எண் இல்லையென்றால் டிரைவ் திறக்காது. எண்ணைக் குறித்துக்கொண்டு, பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்திவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

கழற்றுவதற்கு முன் பத்து நிமிடம் ஒரு கேமை ஓட்டுங்கள். பேஸ்ட் இளகும். ஏஎம்4 கூலரைக் குளிர்ந்த நிலையில் நேராக இழுத்தால், பூட்டியிருக்கும் சாக்கெட்டிலிருந்தே ப்ராசசர் ஒட்டிக்கொண்டு பிய்ந்து வரும். ஊசிகள் வளைவது அப்போதுதான். ஷட் டவுன் செய்து, வயரைப் பிடுங்கி, பவர் பட்டனை ஒருமுறை அழுத்தி, கேபினெட்டைப் படுக்க வையுங்கள். நான்கு திருகுகளையும் குறுக்கும் மறுக்குமாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். பின்தகடு நழுவாமல் பின்னால் ஒரு கை இருக்கட்டும். கூலரை இடமும் வலமுமாகத் திருகி, பிடி விட்டபின் தூக்குங்கள். சிப்பும் சேர்ந்து வந்துவிட்டால் ஸ்க்ரூடிரைவரால் நெம்பாதீர்கள். ஹேர் டிரையரால் சூடுகாட்டி, பக்கவாட்டில் நகர்த்திப் பிரியுங்கள்.

சிப்பின் மூலையில் உள்ள தங்க முக்கோணமும் சாக்கெட்டின் முக்கோணமும் ஒன்றாக வர வேண்டும். நெம்புகோலைத் தூக்கி வைத்தால் சிப் தன் எடையிலேயே இறங்கும். அழுத்த வேண்டிய நிலை வந்தால் ஏதோ தப்பு. இன்டெலில் ஊசிகள் போர்டில் இருப்பதால் சாக்கெட்டுக்குள் விரலோ துணியோ படக்கூடாது. பேஸ்ட் நடுவில் 4, 5 மில்லிமீட்டர் அகலச் சொட்டு போதும். பெட்டியோடு வரும் கூலரில் பேஸ்ட் பூசியே இருக்கும், மேலே இன்னொன்று வைக்க வேண்டாம். இன்டெல் கூலரின் நான்கு பிளாஸ்டிக் கால்களும் போர்டின் பின்னால் முழுதாக எட்டிப்பார்க்கின்றனவா என்று பாருங்கள். ஒரு கால் பாதியில் நின்றால் கேம் தொடங்கிய சில நிமிடத்தில் 100 டிகிரி.

கேபினெட்டைத் தொட்டால் ஜிவ்வென்று இழுக்கும் வீடுகள் பழைய வேலூர் தெருக்களில் இன்னும் உண்டு. பிளக்கில் மின்சாரம் இருக்கும்போது கேபினெட் மேல் டெஸ்டர் எரிந்தால் எர்த் சரியில்லை. எலக்ட்ரீஷியனை அழைத்த பிறகு சிப் வாங்கலாம். பெயர் தெரியாத '450 வாட்' எஸ்எம்பிஎஸ்ஸும் (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி) இந்தக் கணக்கில் வரும். புதுச் சிப்போடு கேம் நடுவில் பட்டென்று அணைந்தால் முதல் சந்தேகம் அதன் மேல்தான்.

முதல் முறை ஆன் செய்ததும் டிபிஎம் மாறியதாக ஏஎம்டி போர்டு கேட்கும். மீட்பு எண் கையில் இருந்தால் 'ஒய்' அழுத்துங்கள். பயோஸ் அப்டேட்டால் அமைப்புகள் எல்லாம் தொடக்க நிலைக்குப் போயிருக்கும். ராமை முழு வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி அமைப்பைத் திரும்பப் போடாவிட்டால் 3200 வேக ராம் 2133லோ 2400லோ ஓடும். "புதுசு போட்டும் அப்படியேதான் இருக்கு" என்ற புகாரின் ஒரு காரணம் இது. பூட் டிவைஸ் இல்லை என்று வந்தால் உங்கள் விண்டோஸ் பழைய லெகசி முறையில் போடப்பட்டது. பயோஸில் பழைய முறையை அனுமதிக்கும் சிஎஸ்எம்மை ஆன் செய்தால் வந்துவிடும். ஆனால் விண்டோஸ் 11இல் வேலரன்ட் கேம் விளையாட செக்யூர் பூட்டும் (நம்பகமான மென்பொருளை மட்டும் தொடங்கவிடும் வசதி) டிபிஎம் 2.0வும் வேண்டும், எனவே விண்டோஸிலேயே இருக்கும் எம்பிஆர்2ஜிபிடி கருவியால் டிஸ்க்கை மாற்றி, புதிய பூட் முறையான யுஇஎஃப்ஐக்கு வந்துவிடுவது நல்லது. தகவல் அழியாது, ஆனாலும் பேக்கப் எடுத்துக்கொள்ளுங்கள்.

பிறகு அரை மணி நேரம் கனமான கேம் ஓட்டி, ஆஃப்டர்பர்னரில் அதே எண்களைப் பாருங்கள். இப்போது கிராபிக்ஸ் கார்டு 95ஐத் தாண்டி நிற்க வேண்டும். இந்தச் சோதனையை மதிய வெயிலில், ஏசி போடாமல் செய்யுங்கள். அதுவரை பழைய ப்ராசசரைப் புதுச் சிப்பின் பிளாஸ்டிக் டப்பாவில் வைத்து மூடி வையுங்கள். விற்க அவசரப்பட வேண்டாம்; ஏதாவது சிக்கல் என்றால் போர்டா சிப்பா என்று பிரித்துப் பார்க்க அது தேவைப்படும்.