இறக்கத்தை மனத்தில் வைத்து வண்டியைப் பாருங்கள்

குன்னூரில் பட்டறை வைத்திருப்பதால், புதிதாக எஸ்யூவி வாங்கப் போகிறவர்கள் என்னிடம் முதலில் என்ன கேட்பார்கள் என்பது எனக்கு மனப்பாடம். "அண்ணா, ஏழு பேரை ஏற்றிக்கொண்டு மேட்டுப்பாளையத்திலிருந்து திணறாமல் ஏறுமா?" இன்றைய டர்போ எஞ்சின்கள் எல்லாமே ஏறிவிடும். ஏற முடியாத வண்டி வழியில் நின்றுவிடும், மிஞ்சிப்போனால் ஒரு கிளட்ச் பிளேட் தேயும். இந்த 20 ஆண்டுகளில் என்னைக் கலங்கடித்த வண்டிகள் அத்தனையும் இறக்கத்தில் சிக்கியவை. ஆகவே, வண்டிக்குச் செய்யும் பராமரிப்பானாலும் ஆசைக்குப் பூட்டும் அலங்காரமானாலும், "இறங்கும்போது இது என்ன செய்யும்?" என்று ஒருமுறை கேட்டுவிட்டுக் கை வைக்குமாறு என் வாடிக்கையாளர்களிடம் சொல்லி வருகிறேன்.

குன்னூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேட்டுப்பாளையம் ஏறத்தாழ 325 மீட்டர். ஆட்களும் சாமான்களுமாக 2 டன் எடையுள்ள ஒரு வண்டி இந்த உயரத்தை இறங்கித் தீர்க்கும்போது வெளிப்படும் ஆற்றலைக் கணக்குப் போட்டால், ஏறக்குறைய 8 யூனிட் மின்சாரத்துக்குச் சமமாக வரும். அதாவது, நம் வீட்டு 2,000 வாட் கெய்சரை 4 மணி நேரம் ஓடவிட்டால் ஆகும் மின்சாரம். டயரின் உருளலும் எதிர்க்காற்றும் இதில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கின்றன. மீதி முழுவதையும் ஒன்று எஞ்சின் வாங்கிக்கொள்ள வேண்டும், அல்லது நான்கு சக்கரங்களிலும் உள்ள பிரேக்குகள் சூடாகத் தாங்க வேண்டும். வேறு போக்கிடம் இல்லை.

இந்தச் சூட்டுக்கு முதலில் பலியாவது பிரேக் ஆயில். இரண்டு ஆண்டுகளுக்கு முன் கோத்தகிரிப் பக்கமிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், "பெடல் பஞ்சு மாதிரி அமுங்குகிறது தம்பி, இரண்டு தடவை மிதித்தால்தான் பிடிக்கிறது" என்று சொல்லிக்கொண்டு வந்தார். முந்தின நாள் குஞ்சப்பனை வழியாக இறங்கும்போதுதான் அது தொடங்கியிருக்கிறது. நல்ல வேளையாக ஓரம் கட்டி அரை மணி நேரம் நிறுத்தியதும் பெடல் பழையபடி வந்துவிட்டதாம். பானட்டைத் திறந்து பிரேக் ஆயில் குப்பியைக் காட்டினேன். மேல் கோடு வரை நிறைந்திருந்த ஆயில், இளந்தேன் நிறத்தில் இருக்க வேண்டியது, பால் விடாத டிகாக்‌ஷன் போல் கறுத்துக் கிடந்தது. "அளவு சரியாகத்தானே இருக்கிறது? வண்டியும் 19,000 கிலோமீட்டர்தானே ஓடியிருக்கிறது?" என்றார் அவர். இரண்டுமே உண்மைதான். ஆனால், வண்டி வாங்கி நாலரை ஆண்டுகள் ஆகியிருந்தன; அந்த ஆயில் ஒருமுறைகூட மாற்றப்படவில்லை.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. டாட் 4 வகை ஆயிலுக்குப் புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும் என்பது விதி, ஏறத்தாழ 3.7 விழுக்காடு நீர் சேர்ந்த நிலையில் அந்த வரம்பு 155 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. டாட் 3 வகைக்கு இவை முறையே 205, 140. தொடர்ந்து பிரேக்கை மிதித்தபடி மலையிறங்கும் வண்டியில் பிரேக் பேட்டை டிஸ்க்கில் அழுத்தும் கேலிப்பருக்குள் இருக்கும் ஆயில் இந்தச் சூட்டைத் தொட்டுவிட்டால் கொதித்து ஆவிக் குமிழிகளாக மாறும். ஆயிலை அமுக்க முடியாது என்பதால்தான் நம் கால் கொடுக்கும் அழுத்தம் சக்கரத்துக்குப் போய்ச் சேருகிறது; ஆவி அமுங்கிக்கொடுத்துவிடும். ஆசிரியரின் கால் உணர்ந்த பஞ்சு அதுதான். ஆறியபின் குமிழி அடங்கி, பெடல் சரியாகிவிடுவதால், "ஏதோ ஒரு தடவை அப்படி ஆயிற்று" என்று பலர் இதை மறந்துவிடுகிறார்கள். மலையில் குடியிருப்பவர்களின் வண்டி பொதுவாகக் கிலோமீட்டர் கணக்கில் குறைவாகவே ஓடுகிறது. கிலோமீட்டரைப் பார்த்து சர்வீஸ் விடும் பழக்கம் இங்கே ஏமாற்றிவிடும். ஆண்டைப் பாருங்கள்: 2 ஆண்டுகளுக்கு ஒருமுறை பிரேக் ஆயில், ஓடினாலும் ஓடாவிட்டாலும்.

பிரேக் பேட் புதிதில் 10 மில்லிமீட்டரை ஒட்டி இருக்கும். சமவெளியில் 3 மில்லிமீட்டர் வரை விட்டுவைப்பார்கள் என்றால், நான் அதற்கு முன்பே மாற்றச் சொல்லிவிடுவேன், ஏனென்றால் பேட் மெலிய மெலியச் சூடு ஆயிலை எளிதாக எட்டிவிடுகிறது. பின் சக்கரத்தில் டிரம் உள்ள வண்டிகளில் லைனிங் தூசியை யாரும் கழற்றித் துடைப்பதில்லை. அதையும் ஆண்டுக்கு ஒருமுறை கேட்டுச் செய்துகொள்ளுங்கள்.

அடுத்தது ஓட்டுகிறவர் பழக்கம். நியூட்ரலில் போட்டு இறங்கினால் டீசல் மிச்சமாகும் என்னும் நம்பிக்கை இன்னும் சாகவில்லை. இன்றைய எஞ்சின்களில் கியரில் இருந்தபடி ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டால் எரிபொருள் தெளிப்பே நின்றுவிடுகிறது. நியூட்ரலில்தான் எஞ்சின் அணையாமலிருக்க டீசல் செலவாகிறது. ஆகவே, அந்த மிச்சமும் பொய்; எஞ்சின் சக்கரத்தை இழுத்துப் பிடிப்பதும் போய், பாரமெல்லாம் பிரேக்கில் விழும். எஞ்சினையே அணைத்துவிட்டு உருளவிடுகிறவர்களும் உண்டு. அப்போது நம் கால் அழுத்தத்தைப் பெருக்கும் பிரேக் பூஸ்டருக்கு வேண்டிய வெற்றிடம் இரண்டு மூன்று மிதியில் தீர்ந்துவிடும், ஸ்டியரிங்கும் கனத்துவிடும். அந்தப் பூஸ்டர் வெளிக்காற்றின் அழுத்தம் வெற்றிடத்தை நோக்கித் தள்ளுவதால் வேலை செய்வது என்பதையும், ஊட்டி உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் முக்கால் பங்கை ஒட்டியே இருக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், மேலே பிரேக் சற்றுக் கெட்டியாகத் தெரிவதன் காரணம் விளங்கும். ஆட்டோமேட்டிக் வண்டி வைத்திருப்பவர்கள் 'டி'யிலேயே இறங்காமல் கைமுறைக்கு மாற்றி இரண்டாம் கியரையோ, இறக்கம் செங்குத்தானால் முதல் கியரையோ பிடித்துக்கொள்ள வேண்டும். 'ஹில் டிசென்ட் கன்ட்ரோல்' பொத்தான் இருக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். அதுவும் பிரேக்கைத்தான் பிடித்து விடுகிறது, நம் காலுக்குப் பதிலாகக் கணினி மிதிக்கிறது, அவ்வளவே. கரடுமுரடான சிறு சரிவுக்கு அது போதும், 30 கிலோமீட்டர் மலைச்சாலைக்கு ஆகாது. ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு 36 கொண்டை ஊசி வளைவுகளோடு இறங்கும் கல்லட்டிச் சாலையில் வெளியூர் வண்டிகள் கீழ்நோக்கிச் செல்வதற்குத் தடை இருப்பது ஏன் என்பதை, அங்கே இறங்கிய வண்டிகளின் டிஸ்க் சூட்டில் நீலம் பூத்திருப்பதைப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

பர்லியாறு பக்கம் வண்டியை நிறுத்திப் புகையும் சக்கரத்தில் பாட்டில் தண்ணீரை ஊற்றுகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பதைக்கும். பழுக்கச் சூடான வார்ப்பிரும்பு டிஸ்க்கில் ஒரு பக்கமாகக் குளிர்ந்த நீர் பட்டால் அது கோணவும் கூடும், விரிசல் விடவும் கூடும். தீப்பிடித்தால் ஒழிய, நிழலில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை இழுக்காமல், வண்டியைக் கியரில் விட்டுச் சக்கரத்துக்குக் கல் வைத்து, அரை மணி நேரம் காத்திருப்பதே போதுமானது.

இனி, மாற்றங்களுக்கு வருகிறேன். போன ஆண்டு ஒரு தேயிலை விவசாயி தம் வண்டிக்கு முன்னும் பின்னும் கனத்த இரும்பு பம்பர், கூரையில் கேரியர், அகலமான டயர் எல்லாம் சமவெளியில் பூட்டிக்கொண்டு வந்தார். காட்டுமாடு குறுக்கே வந்தால் தாங்கும் என்பது அவர் வாதம். வந்த ஒரு மாதத்தில், "பிரேக் முன்மாதிரி பிடிக்கவில்லை, பேட் மாற்றிப் பாருங்கள்" என்றார். பேட்டில் குறையில்லை. பம்பர்கள் இரண்டையும் கழற்றி, அவர் ஊரில் பச்சைத் தேயிலை எடை போடும் தராசில் வைத்துப் பார்த்தோம்: 74 கிலோ. கூடவே ஓர் ஆள் எப்போதும் வண்டியில் இருப்பது போல! எடையைவிட எனக்குக் கவலை அளித்தது வேறொன்று. மோதும்போது மடங்கி அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும்படி வடிவமைத்த முன்பகுதியில் மடங்காத இரும்பைப் பூட்டிவிட்டால், அந்த அதிர்ச்சி நேராகச் சட்டத்துக்கும் உள்ளே இருப்பவர்களுக்கும் போகிறது, ஏர்பேக் எப்போது விரிய வேண்டும் என்று தீர்மானிக்கும் சென்சாரின் கணக்கும் குழம்பலாம். இவ்வகைப் பம்பர்கள் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுக்கு முரணானவை என்று சொல்லி, நடவடிக்கை எடுக்குமாறு மத்தியச் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதியிருக்கிறது; அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க இன்றைய சட்டத்தில் இடமுண்டு. காப்பீட்டு நிறுவனம் இழப்பீட்டை மறுக்க நேர்ந்தால் அது தனிக்கதை.

டயர் விஷயம் இன்னும் நுட்பமானது. 235/65 ஆர்17 அளவுள்ள டயருக்குப் பதிலாக 265/65 ஆர்17 போட்டால் சக்கரத்தின் விட்டம் சுமார் 737 மில்லிமீட்டரிலிருந்து 776 ஆகிறது, அதாவது 5 விழுக்காட்டுக்குச் சற்று அதிகம். ஸ்பீடாமீட்டர் 60 காட்டும்போது வண்டி 63இல் போகும். அதைவிட, விட்டம் கூடியதால் எஞ்சின் இழுத்துப் பிடிக்கும் விசையும் பிரேக் பிடிக்கும் விசையும் சாலையில் அதே விகிதத்தில் குறைந்துவிடுகின்றன. டயரின் எடை கூடியது வேறு. பார்க்கக் கம்பீரமாகத்தான் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். டயருக்குச் செலவழிக்க மனமிருந்தால், கம்பெனி சொன்ன அதே அளவில் ஈரச்சாலைப் பிடிமானம் நல்லதாகப் பார்த்து வாங்குங்கள். பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத்தையும் படியுங்கள்: 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. கடையில் கிடந்து பழசான டயரைப் புதுசு என்று தள்ளிவிடுவது நடக்கத்தான் செய்கிறது. கூரைக் கேரியரைப் பொறுத்தவரை, கையேட்டில் எழுதியிருக்கும் அளவைத் தாண்டாதீர்கள். தலைக்கு மேல் ஏற்றும் கனம் கொண்டை ஊசி வளைவில் வண்டியை வெளிப்பக்கம் சாய்க்கும்.

விளக்குகள். ஹாலஜன் பல்புக்காகச் செய்த கிண்ணத்தில் கடையில் விற்கும் எல்இடி பல்பைச் செருகினால் ஒளி நாலாபக்கமும் சிதறும்; பனிமூட்டத்தில் அது கண்ணெதிரே வெள்ளைத் திரையாக எழும், எதிரே ஏறி வருபவரின் கண்ணையும் கட்டிவிடும். நம் மூடுபனிக்குத் தாழ்வாகப் பொருத்திய பனிவிளக்கும், ஹெட்லைட்டின் தாழ்ந்த ஒளியும் போதும். கூடுதல் விளக்குக்காக ரிலேயும் ஃபியூஸும் இல்லாமல் வயரை உரித்து முறுக்கி டேப் சுற்றியிருப்பதை மாதத்துக்கு ஒரு வண்டியிலாவது காண்கிறேன். எலி கடித்த வயரும் இதுவும் சேர்ந்தால் தீக்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

எஞ்சின்தான் இறக்கத்தில் நம் முதல் பிரேக் என்பதால் அதன் ஆயிலும் பிரேக்கைச் சேர்ந்ததே. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 என்னும் புகை மாசு விதி வந்தபின் டீசல் எஸ்யூவிகளில் புகைக்கரியைப் பிடித்து வைத்து எரிக்கும் வடிகட்டி இருக்கிறது. அது தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளச் சுமார் 600 டிகிரிச் சூடு வேண்டும். பள்ளிக்கு 3 கிலோமீட்டர், மார்க்கெட்டுக்கு 2 கிலோமீட்டர் என்று ஓடும் வண்டியில் அந்தச் சூடு வருவதற்குள் எஞ்சினை அணைத்துவிடுகிறோம். கரியை எரிக்கக் கூடுதலாகத் தெளித்து, பாதியில் நின்றுபோன டீசல் எஞ்சின் ஆயிலோடு கலக்கிறது. ஒரு வாடிக்கையாளர் ஆயில் குச்சியை உருவிக் காட்டி, "பாருங்கள் அண்ணா, இந்த வண்டி ஆயிலே குடிக்காது, போட்டதைவிட ஏறித்தான் இருக்கிறது" என்று பெருமைப்பட்டார். முகர்ந்து பார்க்கச் சொன்னேன், டீசல் நெடி. அளவு மேல் கோட்டைத் தாண்டினால் ஆயிலை உடனே மாற்றுங்கள். வடிகட்டி விளக்கு எரிந்தால் எஞ்சினை அணைக்காமல், நிற்காத ஓட்டமாக 20, 30 நிமிடம் ஓட்டுங்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து ஒருமுறை ஏறி வந்தால் எஞ்சின் நன்றாக உழைத்துச் சூடேறும். வடிகட்டியைக் கழற்றி எறிந்துவிடலாம் என்கிறவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள், அது சட்டவிரோதம். தெர்மோஸ்டாட்டை எடுத்துவிடச் சொல்வோரும் அதே ரகம்; நம் குளிரில் அது இல்லாத எஞ்சின் சூடேறவே சூடேறாது.

மழைக்காலத்துக்கு முன், வைப்பருக்குக் கீழே உள்ள தொட்டியில் சேரும் சில்வர் ஓக், யூகலிப்டஸ் இலைகளை அள்ளிவிடுங்கள். வடிகால் அடைத்தால் நீர் டேஷ்போர்டுக்குள் இறங்கும். ஓட்டுநர் காலடியில் தரைவிரிப்புகளை ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு மூன்று விரிக்க வேண்டாம். மேலே உள்ளது நழுவிப் பெடலுக்கு அடியில் போகும்.

கடைசியாக, இப்போது மலையில் கூடிவரும் மின்சார எஸ்யூவிகள். இரவெல்லாம் சார்ஜ் ஏற்றி 100 விழுக்காட்டோடு குன்னூரிலிருந்து இறங்கத் தொடங்குகிறார்கள். இறக்கத்தில் மோட்டார் மின்சாரம் உண்டாக்கிப் பேட்டரிக்கு அனுப்பித்தான் வண்டியைப் பிடிக்கிறது; நிரம்பிய பேட்டரி எதையும் வாங்கிக்கொள்ளாது. காலை எடுத்ததும் வண்டியை இழுத்துப் பிடிக்கும் அந்தப் பிடி வெகுவாகக் குறைந்துவிடும், பாரம் முழுவதும் சாதாரணப் பிரேக்கின் தலையில் விழும். 80 விழுக்காட்டில் சார்ஜரைக் கழற்றிவிட்டு இறங்கினால், மேலே சொன்ன 8 யூனிட்டில் ஒரு பகுதி பேட்டரிக்கே திரும்ப வரும். அடிவாரத்தில் கல்லாறு தாண்டும்போது மீட்டரைப் பாருங்கள், புறப்பட்டபோது இருந்ததைவிட ஏறியிருக்கும்.