டுஷேன் நோய்: பையனோடு நின்றுவிடாதீர்கள், அக்கா தங்கைகளுக்கும் சொல்லுங்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் குழந்தைகளுக்கு பிசியோதெரபி செய்கிறேன். சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், டோங்காட் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் நிறைய வருகின்றன. டுஷேன் தசைச்சிதைவு நோய் உள்ள பையன்களின் வீடுகளில் பேசப்படாமல் கிடக்கும் ஒரு விஷயத்தை இங்கே எழுதுகிறேன்.

சுமார் 3,500 முதல் 5,000 ஆண் குழந்தைகளில் ஒருவருக்கு இந்த நோய் வருகிறது. தசையைக் காக்கும் டிஸ்ட்ரோபின் என்ற புரதம் உடம்பில் உருவாவதில்லை. பெரும்பாலும் 2 வயதிலிருந்து 5 வயதுக்குள் தெரிய ஆரம்பிக்கும். கெண்டைக்கால் உருண்டு திரண்டிருப்பதைப் பார்த்துத் தாத்தாக்கள் ஃபுட்பால் கால் என்று பெருமைப்படுவார்கள். கோயிலில் தரையில் உட்கார்ந்த பையன் எழுவதைக் கவனியுங்கள். குப்புறத் திரும்பி, இரண்டு கையையும் ஊன்றி, இடுப்பைத் தூக்கி, அப்புறம் முழங்காலில் ஒரு கை, தொடையில் ஒரு கை என்று தன் உடம்பைத் தானே பிடித்து ஏறி நிமிர்வான். சோம்பேறி என்று அதட்ட வேண்டாம். சிகே என்ற, தசையிலிருந்து கசியும் என்சைமை அளக்கும் ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லிக் கேளுங்கள். இந்த நோயில் அதன் அளவு இயல்பைவிடப் பத்து மடங்குக்கும் மேல், சிலருக்கு நூறு மடங்குவரை ஏறியிருக்கும். கல்லீரல் பரிசோதனையில் பார்க்கும் சில என்சைம்கள் தசையிலிருந்தும் கசியும் என்பதால், கல்லீரல் நோய் என்று அலைந்துவிட்டு வருபவர்களும் உண்டு.

நோய் உறுதியானதும் வீட்டில் எழும் முதல் கேள்வி, யார் பக்கத்திலிருந்து வந்தது என்பதுதான். மாமியார் மருமகளைப் பார்ப்பார். டிஸ்ட்ரோபினுக்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. பையனுக்கு எக்ஸ் அம்மாவிடமிருந்துதான் வரும். ஆனால் மூன்றில் ஒரு பங்குப் பையன்களுக்கு இந்த மரபணு மாற்றம் புதிதாக நேர்ந்தது, அம்மாவின் ரத்தத்தில் அது இருக்காது. மீதிப் பேரிலும் அம்மா என்ன செய்திருக்க முடியும்? சொந்தத்தில் கல்யாணம் செய்ததும் இதற்குக் காரணம் இல்லை.

பழி வந்ததும் வாய் மூடிக்கொள்கிறது. தங்கை மகளுக்கு வரன் பார்க்கும் நேரம், இதைப் போய்ச் சொல்வதா என்று தயங்குகிறார்கள். ஒரு முறை குடும்ப வரைபடம் போட உட்கார்ந்தபோது கூட வந்த ஆயா (அம்மாவின் அம்மா), கரும்புத் தோட்டத்து பராக்ஸில் (தொழிலாளர் குடியிருப்பில்) வளர்ந்த தன் தம்பியைப் பற்றிச் சொன்னார். "பத்து வயசுல நடை போச்சு, பதினெட்டு முடியல, போயிட்டான். போலியோன்னு சொன்னாங்க." பையனின் அம்மா அப்படி ஒரு மாமா இருந்ததையே அன்றைக்குத்தான் கேள்விப்பட்டார்.

அம்மாவிடம் மாற்றம் இருந்தால், பிறக்கும் ஒவ்வொரு மகனுக்கும் நோய் வர பாதி வாய்ப்பு, ஒவ்வொரு மகளும் அதைச் சுமக்க பாதி வாய்ப்பு. ஆகவே பெரியம்மா, சின்னம்மா, அவர்கள் மகள்கள் எல்லோருக்கும் இது தெரிய வேண்டும். நோயில்லாத மாமாவின் மகள்களுக்கு இந்த வழியில் பயமில்லை. அத்தை வீட்டுக்கு இதில் சம்பந்தமே இல்லை. சின்னப் பெண்களுக்கு இப்போதே சோதனை வேண்டாம். வளர்ந்து அவர்களே முடிவெடுக்கட்டும்.

இன்னொன்று: மாற்றத்தைச் சுமக்கும் பெண்களுக்கு இதயத்தசை பலவீனமாகலாம். பையனைத் தூக்கித் தூக்கி மூச்சு வாங்குகிறது என்று விட்டுவிடாமல் எக்கோ (இதய ஸ்கேன்) எடுத்துப் பாருங்கள்.

காவடி நேர்ந்துகொள்பவர்களிடம் நான் குறுக்கே பேசுவதில்லை. ஆனால் இந்த நோய்க்காகப் பையன் சாப்பிடும் ஸ்டீராய்டு மாத்திரையை விரத நாட்களிலும் நிறுத்தக் கூடாது. திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. பல் பிடுங்கத்தானே போகிறோம் என்றாலும், மயக்க மருந்து தருவதானால் நோயின் பெயரை முதலிலேயே சொல்லுங்கள். சில மயக்க மருந்துகள் இவர்களுக்கு ஆகவே ஆகாது. முழுநேரக் கவனிப்பு தேவைப்படும் 18 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு, வருமான வரம்பைப் பார்த்து சாசா (அரசின் சமூகநல உதவி அமைப்பு) மாத உதவித்தொகை தருகிறது, கேட்க வெட்கப்படாதீர்கள்.

சரி, தங்கையிடம் எப்படிச் சொல்வது? நான் எழுதிக்கொடுக்கும் வாட்ஸ்அப் செய்தி இவ்வளவுதான்: "என் பையனுக்கு டுஷேன்னு டெஸ்ட்ல வந்திருக்கு. நம்ம வீட்டுப் பெண்கள் வழியா வரலாம்னு சொல்றாங்க. ரிப்போர்ட் போட்டோ அனுப்பியிருக்கேன், டாக்டர்கிட்ட காட்டு." அந்த ரிப்போர்ட்டில் மரபணுவின் எந்த இடத்தில் என்ன மாற்றம் என்று இருக்கும். அது கையில் இருந்தால் லேபில் நேராக அந்த இடத்தையே பார்த்துவிடுவார்கள்.