கேமராவைப் பார்க்க ரவுட்டரைத் திறக்க வேண்டியதில்லை

வெளியூரிலிருந்து வீட்டு சிசிடிவியைப் பார்க்க வேண்டும், அதற்குப் போர்ட் ஃபார்வேர்டிங் (வெளியிலிருந்து வரும் இணைப்பைக் கேமராவுக்கு அனுப்ப ரவுட்டரில் ஒரு வாசலைத் திறந்துவிடுவது) செய்ய வேண்டும், ஆனால் இன்டர்நெட் நிறுவனம் தந்த ரவுட்டர் இடம் கொடுக்க மறுக்கிறது. என்னிடம் வருகிறவர்களில் பலரின் குறை இதுதான். அடுத்ததாக, ரவுட்டரின் எல்லா அமைப்புகளையும் திறக்கும் என்று யூடியூபில் யாரோ போட்ட ‘சூப்பர் அட்மின்’ கடவுச்சொல்லைத் தட்டிப் பார்க்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பெரும்பாலும் அந்த ரவுட்டர் இன்டர்நெட் நிறுவனத்தின் உடைமை. உள்ளே கைவைத்து ஃபைபர் அமைப்பு அழிந்துபோனால் இணைப்பே நின்றுவிடும்.

அப்படியே உள்ளே நுழைந்தாலும் பல வீடுகளில் பயன் இருக்காது. இணையத்தில் ஒரு இணைப்பை அடையாளம் காட்டும் ஐபிவி4 முகவரிகள் உலகத்துக்கே சுமார் 430 கோடிதான். ஆசிய பசிபிக் பகுதிக்கான பதிவகமான ஏப்னிக், 2011 ஏப்ரலிலேயே தன் கடைசித் தொகுப்பைத் தொட்டுவிட்டது. அதனால் பல நிறுவனங்கள் ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்து கொடுக்கின்றன. சிஜிநாட் என்பது இதுதான். ரவுட்டரின் நிலைப் பக்கத்தில் ‘வான் ஐபி’ (WAN IP) என்று இருப்பதையும், முகவரியைக் காட்டும் இணையதளம் சொல்வதையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் வேறாக இருந்தால், அதிலும் ரவுட்டரில் 100.64 முதல் 100.127 வரையிலான எண்ணில் தொடங்கினால், நீங்கள் திறக்கும் போர்ட்டுக்கு வெளியிலிருந்து எதுவும் வந்து சேராது. நிலையான பொது ஐபி கிடைக்குமா, மாதக் கட்டணம் எவ்வளவு என்று நிறுவனத்திடமே கேட்டுவிடலாம்.

பொது ஐபி இருப்பவர்களுக்குத்தான் நான் அழுத்திச் சொல்ல வேண்டியது இருக்கிறது. போர்ட்டைத் திறந்து வைத்திருந்த ஒரு வீட்டில் கேமராக் காட்சிகளைச் சேமிக்கும் டிவிஆர் பெட்டியில், உள்நுழைவு முயற்சிகள் பதிவாகும் பக்கத்தைத் திறந்து காட்டினேன். ‘அட்மின், உள்நுழைவு தோல்வி’ என்று விடிய விடிய வரி வரியாக இருந்தது.

“யார் சார் இது? எங்களுக்கு யாரும் பகையாளி கிடையாதே” என்றார் வீட்டுக்காரர்.

“உங்களைக் குறிவைத்து யாரும் வரவில்லை ஐயா. திறந்த கதவு எது என்று ஊர் முழுக்கத் தட்டிப் பார்க்கும் நிரல்கள் இவை” என்றேன்.

2016இல் மிராய் என்ற தீநிரல், தொழிற்சாலையிலிருந்தே வரும் 60க்கும் மேற்பட்ட பயனர்பெயர், கடவுச்சொல் இணைகளை மட்டும் வைத்துக்கொண்டு கேமராக்களையும் டிவிஆர்களையும் பிடித்தது. அவ்வாண்டு அக்டோபர் 21 அன்று அவற்றைக் கொண்டு, இணையதளப் பெயர்களை முகவரிகளாக மாற்றித் தரும் டைன் நிறுவனத்தைத் தாக்கியதில் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்றவை முடங்கின. கடவுச்சொல் வலுவாக இருந்தால் போதும் என்றும் நம்பிவிட முடியாது. 2021 செப்டம்பரில் ஹைக்விஷன் கேமராக்களில் வெளியான ஓட்டைக்குக் கடவுச்சொல்லே தேவைப்படவில்லை.

நான் பரிந்துரைப்பது டெயில்ஸ்கேல் போன்ற விபிஎன், அதாவது உங்கள் கைப்பேசியையும் வீட்டையும் மட்டும் இணைக்கும் தனிப் பாதை. வீட்டுக் கருவியே உள்ளிருந்து வெளியே இணைப்பை ஏற்படுத்துவதால் ரவுட்டரின் அனுமதி தேவையில்லை, சிஜிநாட்டும் தடையாகாது. டிவிஆரில் இதை நிறுவ முடியாது. எப்போதும் ஓடும் பழைய கணினியிலோ ராஸ்பெரி பை என்ற சிறு கணினியிலோ நிறுவி, அதையே ‘சப்நெட் ரவுட்டர்’ (வீட்டின் மற்றக் கருவிகளுக்கு வழிவிடும் கருவி) ஆக்கி, 192.168.1.0/24 போன்ற உங்கள் வீட்டு வலையமைப்பை அறிவிக்க வேண்டும். டெயில்ஸ்கேலின் நிர்வாகப் பக்கத்தில் அந்த வழித்தடத்துக்கு ஒப்புதல் தருவதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பிறகு, “எல்லாம் செய்தேன், படம் வரவில்லை” என்று அழைக்கிறார்கள். டெயில்ஸ்கேல் தரும் முகவரியும் 100இல்தான் தொடங்கும். அதைக் கண்டு சிஜிநாட் என்று குழம்ப வேண்டாம்.

கேமரா நிறுவனத்தின் செயலி வழியாகப் பார்ப்பது எளிது. ஆனால் இணைப்பு அவர்களுடைய சர்வரை நம்பியே நடக்கிறது. படுக்கையறை, கூடம் போன்ற இடங்களில் கேமரா வைத்திருப்பவர்கள் இதை யோசித்து முடிவெடுக்க வேண்டும்.

ஏற்கெனவே போர்ட் திறந்திருந்தால் அந்த விதியை நீக்குங்கள். டிவிஆரிலும் ரவுட்டரிலும் யுபிஎன்பி (UPnP) வசதியை அணைத்துவிடுங்கள். அது உங்களைக் கேட்காமலே போர்ட்டைத் திறந்துவிடும். பிறகு கைப்பேசியில் வைஃபையையும் விபிஎன்னையும் நிறுத்தி, மொபைல் டேட்டாவில் உங்கள் பொது ஐபியையும் பழைய போர்ட் எண்ணையும் பிரவுசரில் போட்டுப் பாருங்கள். டிவிஆரின் பக்கம் இன்னும் வந்தால் வேறொரு விதி எங்கோ மிச்சமிருக்கிறது.