ஒற்றைக் கண் தாய் இறால்

தொண்டிக்கும் தேவிபட்டினத்துக்கும் இடையிலுள்ள இறால் குட்டைகளுக்கு நோய் பார்க்கச் செல்லும் எனக்கு விடியுமுன் வரும் அழைப்புகளே அதிகம். இரவெல்லாம் பாசியும் இறாலும் சேர்ந்து மூச்சு வாங்குவதால் நீரிலுள்ள ஆக்சிஜன் அந்நேரத்தில்தான் மிகவும் குறையும். நீரில் காற்றைக் கலக்கும் ஏரேட்டர் ஒன்று நின்றாலும் இறால்கள் மேலே வந்து கரையோரம் ஒதுங்கிவிடும். அண்மையில் அப்படி அழைத்த பண்ணைக்காரர், ஏரேட்டர் ஓடத் தொடங்கிய பிறகும் மனம் ஆறாமல், "குஞ்சே சரியில்லை சார்" என்றார். குஞ்சைப் பழிப்பது இத்தொழிலில் வழக்கம்தான். ஆனால் அக்குஞ்சின் தாய்க்குக் கண் இருந்ததா என்று நான் கேட்டதும், விளையாட்டாகக் கேட்கிறேன் என்று நினைத்துச் சிரித்தார்.

இறாலின் கண் காம்பிலுள்ள சுரப்பி, சினைப்பை முதிர்வதைத் தடுக்கும் ஹார்மோனைச் சுரக்கிறது. தாய் இறால் விரைவாகவும் அடிக்கடியும் முட்டையிட வேண்டும் என்பதற்காகக் குஞ்சுப் பொரிப்பகங்களில் ஒரு கண் காம்பைச் சூடான இடுக்கியால் நசுக்கியோ, நூலால் இறுகக் கட்டியோ நீக்குகிறார்கள். பயிற்சிக் காலத்தில் நானும் அதைச் செய்திருக்கிறேன். அப்போது இறால் வாலை உதறித் துள்ளுவது வெறும் அனிச்சைச் செயல் என்று சொல்லித் தந்தார்கள். நம்புவது எனக்கும் வசதியாக இருந்தது. ஆனால் மரத்துப்போகும் மருந்தைத் தடவினால் உதறலும் காயத்தைத் தேய்ப்பதும் குறைகின்றன என்று ஆய்வுகள் காட்டியுள்ளன; காயத்தைத் தேடித் தேய்ப்பதை அனிச்சை என்று ஒதுக்கிவிடுவது அவ்வளவு எளிதன்று.

300க்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் திரட்டி லண்டன் பொருளியல் பள்ளியின் குழு 2021இல் வெளியிட்ட அறிக்கை, நண்டு, இறால் இனங்களை உணர்வுள்ளவையாகக் கருத வேண்டும் என்றது. பிரிட்டன் 2022இல் அவற்றைத் தன் விலங்கு நலச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. நண்டுகளுக்கு உள்ள அளவு சான்று நம் பண்ணைகளில் வளரும் வனாமி போன்ற இறால்களுக்கு இல்லை என்பதையும் அவ்வறிக்கை மறைக்கவில்லை.

பண்ணைக்காரரிடம் இதையெல்லாம் விரித்துச் சொல்லவில்லை. கண் நீக்காத தாயின் குஞ்சுகள், நோய்க்கிருமிகளைச் செலுத்திப் பார்த்தபோது வெள்ளைப்புள்ளி நோயையும் விப்ரியோ என்ற பாக்டீரியா தரும் நோயையும் கூடுதலாகத் தாங்கிப் பிழைத்தன என்று ஸ்காட்லாந்தின் ஸ்டர்லிங் பல்கலைக்கழக ஆய்வு கண்டதை மட்டும் சொன்னேன். வெள்ளைப்புள்ளி என்ற சொல்லுக்கு எங்கள் கரையில் விளக்கம் தேவையில்லை. ஒரே வாரத்தில் குட்டையைக் காலி செய்யும் நோய் அது.

அறுவடையில் இறால்களை உயிரோடு ஐஸ் நீரில் கொட்டுவதற்குப் பதிலாக, முதலில் மின்சாரத்தால் நொடியில் உணர்விழக்கச் செய்யும் கருவிகளும் வந்துவிட்டன. அது அவருக்கு இன்னும் எட்டாத செலவு என்பதால் அன்று அதைப் பற்றிப் பேசவில்லை.

"குஞ்சு விலை கூடுமா?" என்று கேட்டார். கூடலாம் என்றேன். கண்ணை நீக்காவிட்டால் அதே அளவு முட்டைக்குக் கூடுதல் தாய் இறால்கள் வேண்டும். அவையோ வெளிநாட்டிலிருந்து இறக்குமதியாகி, சென்னை நீலாங்கரையில் தனிமைப்படுத்திக் கண்காணிக்கப்பட்ட பிறகே பொரிப்பகம் சேர்பவை. அவர் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, அடுத்த முறை ஒரு குட்டைக்கு மட்டும் அந்தக் குஞ்சை விட்டுப் பார்ப்பதாகச் சொன்னார்.