ஆம்புலன்ஸ் – நோயாளர் காவு வண்டி

‘ஆம்புலன்ஸ்’ என்ற சொல்லின் வேர், நடத்தல் என்று பொருள்படும் ‘அம்புலாரே’ என்னும் இலத்தீன் வினை. படையைத் தொடர்ந்து இடம் மாறிச் சென்ற மருத்துவமனையைப் பிரெஞ்சுக்காரர் முதலில் இப்படி அழைத்தனர். காயம்பட்டவரை ஏற்றிச் செல்லும் வண்டிக்கு அது பெயரானது 19ஆம் நூற்றாண்டுப் போர்களில்தான்.

அந்த வண்டி ஓர் ஒழுங்குக்குள் வந்த கதை அமெரிக்க உள்நாட்டுப் போரில் (1861–1865) இருக்கிறது. தொடக்கத்தில் ஓடிய இரு சக்கர வண்டிகளின் குலுக்கல், எலும்பு முறிந்தவர்களுக்குப் பெரும் வதையாக இருந்தது. அதிகாரிகளின் மூட்டைமுடிச்சுகளையும் அவற்றிலேயே ஏற்றினார்கள். 1862 ஆகஸ்ட் இறுதியில் நடந்த இரண்டாம் புல் ரன் சண்டையில் காயம்பட்டோர் பல நாள் களத்திலேயே கிடந்தனர். வட மாநிலங்களின் அரசுப் படைகளுள் ஒன்றான பொடோமக் படையின் மருத்துவ இயக்குநர் ஜொனாதன் லெட்டர்மன், வண்டிகளை மருத்துவத் துறையின் பொறுப்பில் கொண்டுவந்து, அவற்றுக்கென்றே பழக்கிய ஆட்களை அமர்த்தியிருந்ததன் பயன், அடுத்த மாதம் ஆன்டீட்டம் களத்தில் தெரிந்தது. அங்கே அப்படையின் காயம்பட்டோரைப் பெரும்பாலும் ஒரு நாளுக்குள் அப்புறப்படுத்த முடிந்தது.

ஆயினும் 1863 மார்ச்சில் கெல்லிஸ் ஃபோர்டு சண்டையில் காயம்பட்ட லெப்டினன்ட் நத்தானியேல் பௌடிச், வண்டி வராமல் களத்தில் கிடந்து, மறுநாள் இறந்தார். பாஸ்டன் மருத்துவரான தந்தை ஹென்றி பௌடிச், மகனின் விரலிலிருந்து கழற்றிய மோதிரத்தையும், இரத்தக்கறை படிந்த உடுப்பின் பொத்தானையும் தம் கைக்கடியாரச் சங்கிலியில் கோத்துக்கொண்டு, எல்லாப் படைகளுக்கும் இவ்வண்டிகள் வேண்டுமென்று எழுதினார், வாதாடினார். அதற்கான சட்டம் 1864 மார்ச்சில் நிறைவேறியது.

தமிழில் இதற்கு ‘அவசர ஊர்தி’ என்று எழுதுகிறோம். அவசரம் தீயணைப்பு வண்டிக்கும் உண்டு. சுமக்கப்படுகிற மனிதர் அச்சொல்லில் இல்லை. இலங்கைத் தமிழர் வழங்கும் ‘நோயாளர் காவு வண்டி’ என்பதில் அவர் இருக்கிறார். காவுதல் என்றால் தோளில் சுமத்தல். காவடியும் அந்த வேரில் பிறந்ததே. ‘காவினெம் கலனே’ (கலனைத் தோளில் சுமந்துகொண்டோம்) என்று புறநானூற்றில் (206) ஔவையார் பாடியதும் இவ்வினையைத்தான். தமிழ்நாட்டில் ‘காவு’ என்றதும் பலி நினைவுக்கு வந்துவிடுவதால், நோயாளியின் வீட்டார் காதில் இது கூசும் என்பது நியாயமான தயக்கம். அத்தயக்கம் உள்ள இடத்தில் ‘நோயாளர் ஊர்தி’ என்று எழுதலாம். ஈழத்து வழக்கைப் பிழையென்று திருத்த மட்டும் வேண்டாம்.